கல்யாண பேனர்களுக்கு நடுவே ஓர் ஆராய்ச்சி போஸ்டர்

தை பிறந்துவிட்டால் புதுச்சேரியில் எங்கள் பிரிண்டிங் கடை மெஷினுக்கு ஓய்வு கிடையாது. முகூர்த்த பேனர், புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் பக்கம் கட்டும் வரவேற்பு பேனர் என்று ரோல் ரோலாக ஓடிக்கொண்டிருக்கும். கருத்தரங்குகளும் மாநாடுகளும் வரிசைகட்டி வருவதும் அதே சமயத்தில்தான். கோரிமேட்டிலிருந்து மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள், காலாப்பட்டிலிருந்து ஆராய்ச்சி மாணவர்கள், கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் எல்லாரும் ஆராய்ச்சி போஸ்டர், அதாவது தங்கள் ஆராய்ச்சியை ஒரே பெரிய தாளில் சொல்லி மாநாட்டு மண்டபத்தில் மாட்டும் போஸ்டர், அடிக்க பென் டிரைவோடு வந்து நிற்பார்கள். "அக்கா, நாளைக்குக் காலையில மாட்டணும்." பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும்.

நெல்லித்தோப்பில் என் சித்தப்பா நடத்தும் டிஜிட்டல் பிரிண்டிங் கடையில் நான் டிசைனர். படித்தது எம்.எஸ்ஸி. விலங்கியல். அதனால் ஆராய்ச்சி போஸ்டர் வந்தால் அடிப்பதற்கு முன்னால் வாசித்துப் பார்த்துவிடுவேன், சில நேரம் கேள்வியும் கேட்பேன். சித்தப்பாவுக்கு இது பிடிக்காது. "அவங்க குடுத்தத அடிச்சுக் குடு, உனக்கு எதுக்கு வம்பு" என்பார். உள்ளூர் மாநாடு என்றால் சில சமயம் போஸ்டர்களைக் கொண்டுபோய் மாட்டிக்கொடுக்கும் வேலையும் எங்களுக்கு வரும். அப்போது கொஞ்ச நேரம் ஓரமாக நின்று, யார் எந்த போஸ்டர் முன்னால் நிற்கிறார்கள், எதைப் பார்த்ததும் நகர்ந்துவிடுகிறார்கள் என்று கவனிப்பேன்.

பார்த்தவரையில், போஸ்டரைப் படிப்பதற்கென்று கிளம்பி யாரும் வருவதில்லை. டீ இடைவேளையில், ஒரு கையில் கப்பும் இன்னொரு கையில் பிஸ்கெட்டுமாக, தெரிந்த முகம் ஏதாவது தென்படுகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்து வருகிறார்கள். அப்படி வருகிறவரை நிறுத்துவதுதான் போஸ்டரின் வேலை. நின்றுவிட்டால் மீதியை நீங்கள் வாயால் சொல்லிக்கொள்ளலாம். இதை மனதில் வைத்தால் எழுத்து சைஸ், நிறம், வரைபடம் எல்லாவற்றுக்கும் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

கடலூர்ப் பக்கம் கிணற்று நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஒரு பெண் வந்திருந்தார். தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'கடலூர் மாவட்டக் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரின் தரம் குறித்த ஒரு மதிப்பீடு'. தலைப்புக்குக் கீழே ஆய்வுச் சுருக்கம், அதற்குக் கீழே முன்னுரை, நோக்கங்கள், ஆய்வுப் பகுதி, செய்முறை. முடிவுகள் என்று பார்த்தால் ஒன்பது வரைபடமும் மூன்று அட்டவணையும். கடைசியில் ஒரு பெரிய பெட்டி நிறைய மேற்கோள் பட்டியல். கட்டுரையை அப்படியே நான்கு பத்தியாக மடித்து ஒட்டியிருந்தார்.

"சரிம்மா, என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். அவர் திரையைப் பார்க்காமலே சொன்னார்: "கடலுக்குப் பக்கத்துல இருக்கற கிணறு மட்டும் இல்லக்கா, உப்பனாத்து ஓரமா உள்ள தள்ளி இருக்கற கிணறும் உப்பாகுது. அலைத்தண்ணி ஆத்து வழியா உள்ள வருது இல்ல, அதுல இருந்து." அவ்வளவுதான். கடலோரத்தில் இருக்கும் யாருக்கும் காது நிமிர்கிற செய்தி. ஆனால் அந்த ஒரு வரி போஸ்டரில் எங்கே இருந்தது தெரியுமா? வலது பக்கம், கீழிருந்து இரண்டாவது பெட்டியில், நான்காவது புள்ளியாக.

அதை எடுத்துத் தலைப்பாக்கினோம். 'கடலோரக் கிணறுகள் மட்டுமல்ல, உப்பனாற்றங்கரைக் கிணறுகளும் உப்பாகின்றன' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். பழைய தலைப்பை விட மனமில்லாமல் அதைச் சின்ன எழுத்தில் கீழே வைத்தார். அதில் தப்பில்லை, மாநாட்டுப் புத்தகத்தில் அச்சான தலைப்பு அதுதானே, தேடி வருகிறவருக்கு அடையாளம் வேண்டும்.

அப்புறம் வெட்ட ஆரம்பித்தோம். ஆய்வுச் சுருக்கம் முதலில் போனது. போஸ்டரே ஒரு சுருக்கம், அதற்குள் இன்னொரு சுருக்கம் எதற்கு? முன்னுரை மூன்று வரியானது. ஆய்வுப் பகுதியைப் பற்றிய நீண்ட பத்தி, அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் போய், கடற்கரையும் உப்பனாறும் கிணறுகளும் தெரிகிற ஒரு வரைபடம் மட்டும் நின்றது. கிணற்றுப் புள்ளிகளை உப்பின் அளவுக்கு ஏற்ப வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை மாற்றியதும், ஆற்றங்கரை ஓரமாகக் கருநீலப் புள்ளிகள் வரிசையாக எழுந்து நின்றன. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவரே, "அக்கா, இந்த ஆறு பார் சார்ட்டும் வேண்டாம்" என்றார். எனக்கு அதுதான் சந்தோஷம். வேண்டாததை நான் சொல்லி எடுப்பதைவிட, சரியான படம் வந்ததும் அவர்களே எடுத்துவிடுவார்கள்.

இதில் ஒரு முட்டுக்கட்டை வரும் என்று எனக்குத் தெரியும், வந்தது. அவருடைய ஆராய்ச்சி நெறியாளருக்கு வாட்ஸ்அப்பில் படம் போனதும் போன் வந்தது. "டேட்டா எல்லாம் எங்கம்மா?" அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. போஸ்டருக்கு மதிப்பெண் போடும் நடுவர் யாராவது நுணுக்கமாகக் கேட்டால் காட்டக் கையில் இருக்க வேண்டும். அதனால் அட்டவணைகளை ஏ4 தாளில் இரண்டு பக்கமும் அச்சிட்டு ஒரு கட்டு கொடுத்தோம், போஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு கவரில் வைத்துக்கொள்ளலாம். நெறியாளரோடு இப்படி இழுபறி வந்தால் 'நீக்கிவிட்டேன்' என்று சொல்லாதீர்கள். 'தனித்தாளில் வைத்திருக்கிறேன்' என்று சொல்லுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

முடிவைப் பெரிதாகப் போடும் யோசனை உலக அளவில் பேசப்பட்ட ஒன்றுதான். 2019-ல் மைக் மாரிசன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர் யூடியூபில் ஒரு வீடியோ போட்டார். ஆராய்ச்சியின் முக்கிய முடிவைப் போஸ்டரின் நடுவில் சாதாரண மொழியில், தூரத்திலிருந்தே தெரிகிற எழுத்தில் போடுங்கள், விவரத்தை ஓரப் பத்திகளிலும் க்யூஆர் குறியிலும் வையுங்கள் என்பது அவர் சொன்னது. அதற்கு ஆதரவும் வந்தது, எதிர்ப்பும் வந்தது. நடுவில் அவ்வளவு இடத்தை வெறும் எழுத்துக்குக் கொடுத்தால் படங்கள் எங்கே போவது என்று கேட்டார்கள். என் அபிப்பிராயம்: நம் ஊர் மாநாடுகளில் நடுவர்கள் மதிப்பெண் தாளோடு வருகிறார்கள். முன்னுரை, செய்முறை, முடிவு என்று கட்டம் கட்டமாகத் தேடுவார்கள். அதனால் அந்த வடிவத்தை முழுசாக எடுக்க வேண்டாம். முடிவைச் சொல்லும் தலைப்பு, அதை நிரூபிக்கும் ஒரு பெரிய படம், சுற்றிலும் வழக்கமான தலைப்புகளில் சிக்கனமான எழுத்து. இந்தக் கலவை இரண்டு பக்கத்தையும் சமாளிக்கும்.

அடுத்தது அளவு. அதிகம் குழப்பம் நடப்பது இங்கேதான். மாநாட்டுக்காரர்கள் ஏ0 என்பார்கள். அதாவது 841 மில்லிமீட்டர் அகலம், 1189 மில்லிமீட்டர் உயரம். ஃபிளெக்ஸ் கடைக்காரர்கள் அடிக்கணக்கில் பேசுவார்கள், "மூணுக்கு நாலு போட்டுரலாமா?" என்பார்கள். கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று நீங்களும் தலையாட்டினால், ஏ0 கோப்பை மூன்றுக்கு நாலில் இழுத்து நிரப்பிவிடுவார்கள். இரண்டின் விகிதமும் வேறு. உயரத்தைவிட அகலம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதலாக இழுபடும். கல்யாண பேனரில் மாப்பிள்ளை கொஞ்சம் சதைபோட்டுத் தெரிவார், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மைக்ராஸ்கோப் படத்தில் வட்டமான செல் முட்டை வடிவமாகிவிடும். படத்தில் போட்டிருக்கும் அளவுகோல் கிடைமட்டத்தில் ஒன்றும் செங்குத்தில் இன்னொன்றுமாகப் பொய் சொல்லும். "இழுக்காதீங்க, ஓரத்துல வெள்ளை விட்டு அடிச்சு வெட்டிக் குடுங்க" என்று கடையில் சொல்லிவிடுங்கள்.

மைக்ராஸ்கோப் படம் என்றதும் இன்னொன்று. '400 மடங்கு' என்று படத்துக்குக் கீழே எழுதுகிறார்கள். போஸ்டரில் படத்தைப் பெரிதாக்கிய பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதற்குப் பதில் படத்துக்குள்ளேயே அளவுகோல் இருந்தால், சரியான விகிதத்தில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அது கூடவே வளரும்.

நெட்டுவாக்கா, குறுக்குவாக்கா என்பதையும் மாநாட்டு மின்னஞ்சலில் பார்த்துவிட்டு வாருங்கள். நெட்டுவாக்கு போஸ்டருக்கான பலகையில் குறுக்குவாக்கு போஸ்டரை மாட்டினால் பக்கத்துக்காரர் இடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் சண்டை அங்கேயே ஆரம்பம்.

பவர்பாயிண்டில் செய்கிறவர்கள் முதல் வேலையாக ஸ்லைடு அளவை மாற்றுங்கள். ஏ0-வுக்கு 33.1 அங்குலம், 46.8 அங்குலம். வழக்கமான ஸ்லைடில் எல்லாம் செய்துவிட்டு, கடைசியில் 'பெருசாக்கி அடிங்க' என்று கொடுத்தால், அந்தச் சின்ன ஸ்லைடுக்குத் தகுந்த மாதிரி சுருக்கிச் சேமித்த படங்கள் பெரிதாகும்போது கட்டம் கட்டமாக உடையும். படம் சுருங்காமல் இருக்க அமைப்பில் ஒரு தேர்வு உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். கேன்வாவில் செய்தாலும் இதேதான், அளவை முதலில் கொடுத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். கணக்குச் சூத்திரங்கள் நிறைய உள்ளவர்கள் லேடெக் என்ற மென்பொருளில் செய்து பிடிஎஃப் கொண்டுவருவார்கள். அந்தக் கோப்புகளில் எனக்குத் தலைவலியே வந்ததில்லை.

எழுத்து சைஸுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. 16 ஏ4 தாள்களைப் பரப்பினால் ஒரு ஏ0. நீளத்தில் நான்கு மடங்கு, அகலத்தில் நான்கு மடங்கு. அதனால் போஸ்டரை ஒரு ஏ4 தாளில் சுருக்கி பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். போஸ்டரில் 24 சைஸ் எழுத்து இந்தத் தாளில் 6 சைஸாக இருக்கும். கையில் பிடித்து, கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிந்தால் நான்கைந்து அடி தள்ளி நிற்பவருக்கும் படிக்க வரும். முடியவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்கி இடம் பிடித்திருக்கிறீர்கள். நான் சொல்லும் கணக்கு: தலைப்பு 100 சைஸுக்குக் குறையாமல் (ஆங்கிலத்தின் பெரிய எழுத்து ஏறத்தாழ ஒரு அங்குல உயரம் வரும்), உள்தலைப்பு 48 பக்கம், உள்ளே ஓடும் எழுத்து 28 முதல் 32. படங்களின் அச்சுகளில் இருக்கும் எண்களும் 24-க்குக் கீழே இறங்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பத்திகளை அழகாகப் பெரிதாக்கிவிட்டு, எக்செல் வரைபடத்தில் எண்களை எறும்பு சைஸில் விட்டுவிடுவார்கள். நடுவர் முதலில் குனிந்து பார்ப்பது அந்த எண்களைத்தான்.

தமிழ்த்துறை, சமூகவியல் போஸ்டர்கள் தமிழிலேயே வருவதுண்டு. தமிழுக்கு இடம் கூடுதலாக வேண்டும். சொற்கள் நீளம், மேலே விசிறி கீழே கொக்கி என்று எழுத்துகள் வளரும். வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டாவிட்டால் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையில் இடிக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். சில கடைகளில் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பு இருக்கும், அதில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து போகும். இரண்டுக்கும் ஒரே வழி, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகக் கொண்டுவருவது.

ஆங்கில போஸ்டர்காரர்கள் இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். மைக்ரோகிராமைக் குறிக்கும் 'மியூ' என்ற கிரேக்க எழுத்து இருக்கிறதே, அதைச் சிலர் இன்னும் பழைய முறையில், சிம்பல் என்ற எழுத்துருவில் ஆங்கில 'எம்' தட்டி வரவைக்கிறார்கள். கோப்பு வேறு கணினிக்கு வந்து எழுத்துரு மாறினால் அது வெறும் 'எம்' ஆகிவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிட்டது, ஆயிரம் மடங்கு. மருந்து அளவைச் சொல்லும் போஸ்டரில் இப்படி நடந்தால் நினைத்துப் பாருங்கள். எங்கள் கடையில் திறந்ததும் நான் முதலில் தேடுவது அந்த எழுத்தைத்தான். கூட்டல் கழித்தல் குறி, டிகிரி குறி இவையும் சில நேரம் வெற்றுக் கட்டமாக மாறும். அச்சுக்குப் போகும் முன் எங்கள் கணினித் திரையில் ஒருமுறை நீங்களே பார்த்துவிட்டுத் தலையசையுங்கள். உங்கள் லேப்டாப்பில் சரியாக இருந்தது என்பது கணக்கில் வராது.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போஸ்டருக்கு 150 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளி, போதும். 20 சென்டிமீட்டர் அகலத்தில் வரும் படம் என்றால் ஏறத்தாழ 1200 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். வரைபடங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டாமல், மென்பொருளிலிருந்தே பிடிஎஃப் அல்லது எஸ்விஜி ஆக எடுத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் ஒன்று. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களின் மூலையில் நோயாளியின் பெயரும் மருத்துவமனை எண்ணும் இருக்கும். அதன்மேல் ஒரு கறுப்புக் கட்டத்தை வைத்துவிட்டு மறைத்தாயிற்று என்று கொண்டுவருகிறார்கள். கோப்பில் அந்தக் கட்டத்தை மவுஸால் ஓரமாக நகர்த்தினால் பெயர் அப்படியே இருக்கும், நானே நகர்த்திக் காட்டியிருக்கிறேன். பவர்பாயிண்டில் கிராப் செய்தாலும், வெட்டிய பகுதியை நீக்கச் சொல்லித் தனியாக ஆணை கொடுக்காதவரை அது உள்ளேயே ஒளிந்திருக்கும். பெயிண்ட் மாதிரி ஏதாவது ஒரு மென்பொருளில் படத்தையே வெட்டிச் சேமித்துவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். முகம் தெரிகிற படம் என்றால் ஒப்புதல் வாங்கியிருக்கிறீர்களா என்று ஒரு கடைக்காரி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனாலும் கேட்டுவிடுவேன்.

நிறத்துக்கு வருகிறேன். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, மெஷின் மையால் காட்டுகிறது. திரையில் பளிச்சென்று மின்னும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கித்தான் வரும். எந்தக் கடையாலும் அதை முழுசாக மாற்ற முடியாது. நிறம் முக்கியம் என்றால் போஸ்டரின் ஒரு துண்டை மட்டும் முதலில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. ஒரு குழுவுக்குச் சிவப்பு, இன்னொரு குழுவுக்குப் பச்சை என்று வைத்தால் அவர்களுக்கு உங்கள் முடிவே தெரியாமல் போகும். நீலமும் ஆரஞ்சும் வையுங்கள், கூடவே ஒன்றுக்கு வட்டம், இன்னொன்றுக்கு முக்கோணம். வெப்பநிலை, செறிவு மாதிரியான படங்களுக்கு வானவில் நிறங்களைத் தவிர்ப்பது நல்லது. நடுவில் வரும் மஞ்சள் பட்டை தரவில் இல்லாத ஒரு எல்லையைக் கண்ணுக்குக் காட்டும். பின்னணிக்கு வெள்ளையே போதும். பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டைப் பற்றிய போஸ்டர் என்பதற்காகப் பிச்சாவரம் படகுப் படத்தையே பின்னால் விரித்து, அதன்மேல் எழுத்தை வைத்துக் கொண்டுவந்தார் ஒருவர். இலைகளுக்கு நடுவே வரிகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

லோகோவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கட்சி பேனரில் மேலே தலைவர்கள் படம் வரிசையாக வரும், யாரை விட்டாலும் பிரச்சினை. ஆராய்ச்சி போஸ்டரிலும் மேல் வரிசை அப்படித்தான் ஆகிவிடுகிறது: பல்கலைக்கழகம், துறை, நிதி கொடுத்தவர், மாநாட்டு லோகோ, நிறுவனத்தின் ஆண்டுவிழா லோகோ. அதுவும் இணையத்தில் எடுத்த, தபால்தலை அளவுப் படங்கள். தலைப்புக்கு இரண்டு பக்கமும் இவை உட்கார்ந்ததும், மிச்ச இடத்தில் தலைப்பு நான்கு வரியாக நசுங்கும். சொந்த நிறுவனத்தின் லோகோ ஒன்று மட்டும் மேலே இருக்கட்டும், மற்றதெல்லாம் கீழே நன்றிப் பகுதியில் ஒரு வரிசையாக. மாநாட்டுக்காரர்கள் கட்டாயம் என்று சொன்னால் மட்டும் அவர்கள் லோகோ மேலே.

எதில் அடிப்பது? ஃபிளெக்ஸ் மலிவு, மழையில் நனைந்தாலும் கவலையில்லை. ஆனால் கனம், மண்டப விளக்கு பட்டால் பளபளக்கும், ஒரு பக்கமிருந்து பார்த்தால் எழுத்து தெரியாது. குண்டூசியில் தொங்கவிட்டால் கனத்தில் இறங்கும். அது பிவிசி என்பதால் சுற்றுச்சூழல் மாநாட்டுக்கு அதில் போஸ்டர் அடித்துப்போவது கொஞ்சம் சங்கடம்தான். மேட் தாளில் அச்சு நன்றாக வரும், எழுத்தும் படமும் கூர்மையாக இருக்கும், மடிப்பு மட்டும் விழக் கூடாது. துணியில் அடித்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம், விமானத்தில் போகிறவர்களுக்கு வசதி, மெல்லிய கோடுகள் மட்டும் சற்று மென்மையாகத் தெரியும். உள்ளூர் மாநாட்டுக்கு நான் சொல்வது மேட் தாள். எங்கள் சித்தப்பா ஃபிளெக்ஸ் என்பார், அவருக்கு ரோல் தீர வேண்டும்.

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் வராதீர்கள். நாலு கல்யாணத்தின் பேனர் வரிசையில் நிற்கும்போது உங்கள் போஸ்டரை இடையில் நுழைக்கச் சொல்வது எனக்கும் கஷ்டம், அவசரத்தில் யாரும் சரிபார்க்கவும் மாட்டார்கள். காலண்டரைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று நாள் முன்னால் வந்தால், அடித்த பிறகு பிழை கண்ணில் பட்டாலும் மறுபடி அடிக்க நேரம் இருக்கும்.

க்யூஆர் குறி வைக்கிறவர்கள் அதை முழங்கால் உயரத்தில் வைக்காதீர்கள். எத்தனை சென்டிமீட்டர் அகலமோ, அதைப்போல் பத்து மடங்கு தூரத்திலிருந்து போன் பிடிக்கும் என்பது பொதுவான கணக்கு. 6 சென்டிமீட்டர் வைத்தால் இரண்டடி தள்ளி நின்று எடுக்கலாம். சுற்றிலும் வெள்ளை இடம் விடுங்கள். கீழே 'முழு அட்டவணைகள் இங்கே' என்று எழுதினால்தான் எடுப்பார்கள், வெறும் கட்டத்தை யாரும் மதிப்பதில்லை. இலவசமாக க்யூஆர் செய்துதரும் சில தளங்கள் கொஞ்ச நாள் கழித்துச் செயலிழக்கச் செய்துவிட்டுப் பணம் கேட்கும், நேரடி முகவரியையே குறியாக்குங்கள். கூகுள் டிரைவில் வைத்த கோப்பு என்றால் எல்லாரும் பார்க்கும்படி திறந்திருக்கிறதா என்று வேறொருவர் போனில் சோதியுங்கள். மண்டபத்தில் ஒருவர் ஸ்கேன் செய்து 'அனுமதி கேளுங்கள்' என்று வந்தால் அவர் அடுத்த போஸ்டருக்குப் போய்விடுவார்.

மண்டபத்தில் நான் பார்த்த இன்னொன்று: போஸ்டரின் கீழ் ஒரு அடியை யாரும் பார்ப்பதே இல்லை. முன்னால் நிற்பவர் மறைத்துவிடுவார், இல்லாவிட்டால் குனிய வேண்டும். அதனால் முடிவு என்ற பெட்டியை வழக்கப்படி கீழ் மூலையில் வைக்காமல் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேற்கோள்களும் நன்றியும் கீழே போகட்டும். நிற்கும்போது போஸ்டருக்கு நேர் முன்னால் நிற்காமல் ஓரமாக, அரைப் பக்கம் திரும்பி நில்லுங்கள். யாராவது நின்றதும் முன்னுரையிலிருந்து ஒப்பிக்க ஆரம்பிக்க வேண்டாம். 'நீங்க எந்தத் துறை சார்?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடியுங்கள். அந்தக் கிணற்று நீர்ப் பெண் விரலைக் கருநீலப் புள்ளிகளின் மேல் ஆற்றோரமாக ஓட்டிக்காட்டியே பேசினாராம். மூன்று பேர் தாளை வாங்கிப்போனார்கள் என்று அடுத்த முறை வந்தபோது சொன்னார். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் வாங்கிப்போனவர்களில் ஒருவர் பிறகு தன் ஊர்க் கிணற்று அளவீடுகளை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்.

மருத்துவ மாநாடுகள் பலவற்றில் இப்போது இ-போஸ்டர்தான். பெரிய டிவியில் ஒரே ஸ்லைடு. அச்சுச் செலவு மிச்சம், எங்களுக்கு வியாபாரம் நஷ்டம். அதற்காக அச்சு போஸ்டரை அப்படியே சுருக்கி டிவியில் போட்டுவிடாதீர்கள். 55 அங்குல டிவி அகலத்தில் நான்கு அடிதான், உயரம் இரண்டே கால் அடி. ஏ0-வில் இருந்த எழுத்தில் பாதிக்கு மேல் எடுத்துவிட வேண்டும். நீள அகல விகிதம் 16-க்கு 9 என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டு செய்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வராது.

கடைசியாக, எடுத்துப்போகும் வழி. ஹார்டுவேர் கடையில் மூன்றடி நீளத்துக்கு மூன்று அங்குல பிவிசி பைப் வெட்டி வாங்கி, இரண்டு பக்கமும் மூடி போட்டுக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் டிராயிங் குழாயைவிட அது உழைக்கும், பஸ்ஸில் மேலே பை விழுந்தாலும் நசுங்காது. அச்சுப் பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டி உள்ளே விடுங்கள், பலகையில் விரிக்கும்போது ஓரங்கள் நம்மை நோக்கி எழும்பாமல் பலகையோடு ஒட்டி நிற்கும். குண்டூசி, இரட்டைப் பக்க டேப், வெல்குரோ மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கையில் இருக்கட்டும், மண்டபத்தில் தருவோம் என்று சொன்னாலும். பைப்பின் மேல் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். பதிவு மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரே மாதிரி பைப்கள் நிறைய சாய்ந்திருக்கும்.